வடசென்னை மருத்துவமனைகளில் மாற்றுப்பணிச் செவிலியரும் மன அழுத்தமும்

ஒரு செவிலியரை அவர் வழக்கமாகப் பணிபுரியும் வார்டிலிருந்து சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ வேறொரு வார்டுக்கு, அல்லது வேறொரு மருத்துவமனைக்கு அனுப்புவதைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவத் துறையில் மாற்றுப்பணி என்பர். பேச்சு வழக்கில் இது 'டெபுடேஷன்'. விடுப்பில் இருப்பவரின் இடத்தை நிரப்பவும், நோயாளிகள் திடீரெனப் பெருகும் வார்டுக்கு ஆள் சேர்க்கவும், கொள்ளைநோய்க் காலத்தில் புதிய வார்டுகளைத் திறக்கவும் மாற்றுப்பணி பயன்படுகிறது. மருத்துவமனை நிர்வாகத்துக்கு இது பட்டியலில் ஒரு பெயரை இடம் மாற்றும் வேலை. மாற்றப்படும் செவிலியருக்கோ பழகிய தொழிலைப் பழகாத இடத்தில், பழகாத நோயாளிகளுக்கு, அன்றைக்கே பிழையின்றிச் செய்யவேண்டிய நிலை.

இந்த நிலையில் தோன்றும் மன அழுத்தம் தனிப்பட்ட ஒருவரின் மனத்திடக் குறைவாகவே நெடுங்காலம் பார்க்கப்பட்டது. செவிலியர் பணியின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. எந்தச் செவிலியரையும் எந்த வார்டிலும் வைக்கலாம் என்ற எண்ணம் பயிற்சி முறையிலேயே வேரூன்றியது. ஆள் பற்றாக்குறை அதை நிலைக்கச் செய்தது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா அதன் விலையை வெளிப்படையாகக் காட்டியது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைப் பகுதி இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான களம்.

வடசென்னையும் அதன் மருத்துவமனைகளும்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடற்கரையை ஒட்டி நீளும் பகுதி நகரின் உழைப்பாளர் பகுதியாக வளர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-இல் ராயபுரத்தில் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் வாகனத் தொழிற்சாலைகள், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலைகள் என வரிசையாக வந்தன. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. நெருக்கமான குடியிருப்புகளும், ஆபத்து மிகுந்த வேலைகளும், கடலைச் சார்ந்த வாழ்க்கையும் ஒன்றுசேர்ந்த இந்தப் பகுதியில் நோய்கள் ஒரே சீராக வருவதில்லை. விபத்து, வெள்ளம், வாயுக் கசிவு, கொள்ளைநோய் எனத் திடீர்த் திடீரென்று கூட்டமாக வரும்.

அந்தக் கூட்டத்தைத் தாங்கிவரும் பெரிய மருத்துவமனை அரசு ஸ்டான்லி மருத்துவமனை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தால் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தோடு இதன் தொடக்கம் இணைந்துள்ளது. வயது முதிர்ந்த வடசென்னைவாசிகள் இன்றும் இதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்கின்றனர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டான்லியின் பெயரை 1930-களில் பெற்றது. 1938 முதல் இது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரால் அமைந்த மகப்பேறு மருத்துவமனை, தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை ஆகியவையும் இப்பகுதியில் உள்ளன.

இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒன்று பலவகை நோய்களுக்கான பெரிய மருத்துவமனை, இன்னொன்று பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமானது, மற்றொன்று தொற்றுநோய்க்கு மட்டுமானது. மூன்றிலும் பணிபுரிவோர் ஒரே படிப்பைப் படித்து, ஒரே பதிவேட்டில் பெயர் பெற்ற செவிலியரே. ஆனால் பத்தாண்டுகள் கழித்து அவர்கள் கைகளுக்குத் தெரிந்திருக்கும் வேலைகள் ஒன்றல்ல.

பயிற்சியிலிருந்து வந்த பழக்கம்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியர் முறை பற்றிய தம் பரிந்துரைகளை 1865-இல் எழுதினார். 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. இந்தியச் செவிலியர் கல்வி வரலாற்றில் முதல் பள்ளியாக இது குறிப்பிடப்படுகிறது. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர் மற்றும் பேறுகாலத் தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டத்துக்கு வழிவகுத்தது.

இந்தப் பயிற்சி முறையின் உயிர்நாடி வார்டு மாற்றம். மாணவி மருத்துவப் பிரிவில் சில வாரங்கள், அறுவைப் பிரிவில் சில வாரங்கள், பிள்ளைப்பேற்று அறையில், குழந்தைகள் வார்டில், அறுவை அரங்கில் சில வாரங்கள் எனச் சுற்றிவருவார். கற்பதற்கு இது தேவையானது. அந்தச் சுற்றில் மாணவிக்கு மேலே ஒரு மூத்த செவிலியர் இருப்பார், தவறினால் திருத்துவார். மாணவி 'தெரியாது' என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

படிப்பு முடிந்து பணியில் சேர்ந்தபின் நடக்கும் மாற்றங்கள் வேறு வகை. ஆண்டுக்கு ஒருமுறையோ சில மாதங்களுக்கு ஒருமுறையோ முறைப்படி வார்டு மாற்றுவது உண்டு. இதில் முன்னறிவிப்பு இருக்கும், புதிய வார்டில் நிலைத்துப் பழக நாட்களும் கிடைக்கும். மூன்றாவது வகைதான் திடீர் மாற்றுப்பணி. காலையில் பணிக்கு வந்தபின் 'இன்றைக்கு அந்த வார்டுக்குப் போங்கள்' என்று சொல்லப்படுவது. மூன்றையும் 'ரொட்டேஷன்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் வேறுபாடு மறைந்துபோகிறது. முதலாவது கற்பிப்பதற்காக, இரண்டாவது அனுபவத்தைப் பரவலாக்க, மூன்றாவது ஓட்டையை அடைக்க.

திடீர் மாற்றுப்பணி ஏன் ஓயாமல் தேவைப்படுகிறது என்பதற்கு விடை எண்ணிக்கையில் உள்ளது. பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். விடுப்பைச் சமாளிக்கக் கூடுதலாக 30 விழுக்காடு பேர் இருக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த 30 விழுக்காடு இருந்தால், ஒருவர் விடுப்பில் போகும்போது அதே வார்டைத் தெரிந்த இன்னொருவர் வருவார். இல்லாவிட்டால் அடுத்த வார்டிலிருந்து கடன் வாங்கத்தான் வேண்டும். மாற்றுப்பணி என்பது பெரும்பாலும் நிரப்பப்படாத பணியிடங்களின் மறுபெயர்.

ஒவ்வொரு வார்டும் ஒரு தனி ஊர்

பழகாத வார்டில் நுழையும் செவிலியருக்கு மூன்று வகையான தெரியாமை ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது.

முதலாவது, இடம் தெரியாமை. அவசர மருந்துகள் வைத்த தள்ளுவண்டி எங்கே, அலமாரிச் சாவி யாரிடம், ஆக்சிஜன் குழாயின் திருகு எந்தப் பக்கம் திறக்கும், உறிஞ்சு கருவி எந்தக் கட்டிலுக்கு அருகில் என்பவை பழகியவருக்கு யோசிக்காமலேயே தெரியும். புதியவர் ஒவ்வொன்றையும் கேட்டறியவேண்டும். நோயாளி மூச்சுத் திணறும்போது தேடுவதற்கு அரை நிமிடம் ஆவதே பெரிய இழப்பு.

இரண்டாவது, நோய் தெரியாமை. ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய இந்தப் பிரிவு, எந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளிப்பதில் நாடறிந்தது. துண்டான விரல் மீண்டும் பொருத்தப்பட்ட பின், அதன் நிறத்தையும் வெப்பத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கவேண்டும். விரல் வெளிறினால் குருதி உள்ளே வரவில்லை, நீலம் பாய்ந்தால் குருதி வெளியே போகவில்லை. இந்த நிறமாற்றத்தை முதலில் காணவேண்டியவர் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர். பல விரல்களைப் பார்த்த கண்ணுக்கு அது உடனே தெரியும். நேற்றுவரை பிள்ளைப்பேற்று அறையில் இருந்தவருக்கு அதே விரல் சாதாரணமாகத் தோன்றலாம். அவரோ வயிற்றுச் சிசுவின் இதயத் துடிப்பு தளர்வதைக் காதால் கேட்டே அறிந்துகொள்பவராக இருப்பார். இருவரிடமும் திறமை உண்டு. அவரவர் திறமை அவரவர் வார்டில் இருக்கிறது.

மூன்றாவது, மனிதர்களைத் தெரியாமை. எந்த டியூட்டி டாக்டரை உடனே எழுப்பலாம், எந்த உதவியாளர் கூப்பிட்டதும் வருவார், பொறுப்புச் சிஸ்டரிடம் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. வார்டுக்கு வந்த விருந்தாளியாகத் தம்மை உணரும் ஒருவர், சந்தேகம் வந்தாலும் கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கமே பிழைக்கு முதல் படி.

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூலில் செவிலியரின் திறன் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். புதியவராகத் தொடங்கி வல்லுநராக முடியும் அந்தப் படிவரிசையில் அவர் சொன்ன முக்கியமான செய்தி ஒன்று உண்டு. முன்பின் பார்த்திராத வகை நோயாளிகளிடையே வைக்கப்பட்டால், பல்லாண்டு அனுபவம் உள்ளவரும் புதியவரின் படிக்கே இறங்கிவிடக்கூடும். வல்லமை என்பது ஆளோடு மட்டும் கூடவே பயணம் செய்யும் பொருளன்று, சூழலோடும் கட்டுண்டது.

மன அழுத்தத்தின் ஊற்று இங்கே உள்ளது. உடைக்கும் பெயர்ப்பட்டைக்கும் பின்னால் இருப்பவரை நோயாளியின் உறவினர் வல்லுநராகவே பார்க்கின்றனர். சட்டமும் அப்படியே பார்க்கிறது. செவிலியருக்கோ தாம் அன்றைக்குப் புதியவர் என்பது தெரியும். வேலைச்சுமை மிகுதியாகவும் கட்டுப்பாடு குறைவாகவும் உள்ள வேலைதான் மனிதரை மிகவும் களைப்படையச் செய்கிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் விளக்கினார். திடீர் மாற்றுப்பணி அந்த விளக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

லண்டன் ஆய்வு சொன்னது

மாற்றுப்பணியால் வரும் மன அழுத்தத்தைப் பற்றிய முன்னோடிச் சிந்தனைகளுள் ஒன்று 1950-களின் இறுதியில் லண்டனில் பிறந்தது. அங்கே ஒரு பயிற்சி மருத்துவமனையில் மாணவச் செவிலியரை எந்த வார்டுக்கு எப்போது அனுப்புவது என்பதே பெரிய சிக்கலாகிவிட்டது. உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் அதை ஆராய்ந்து 1960-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

நோயும் சாவும் எந்நேரமும் கண்முன் இருக்கும் இடத்தில் அச்சம் இயல்பு. அந்த அச்சம் வெளிப்படாமல் இருக்க மருத்துவமனை சில பழக்கங்களை வளர்த்துக்கொண்டது என்றார் மென்சீஸ். நோயாளியைப் பெயரால் அழைக்காமல் கட்டில் எண்ணாலோ நோயின் பெயராலோ குறிப்பிடுவது ஒன்று. செவிலியர் எல்லோரையும் ஒரே மாதிரி உடுத்தச் செய்து, ஒருவருக்கு மற்றவர் ஈடு என்று கருதுவது இன்னொன்று. அடிக்கடி வார்டு மாற்றுவதும் இந்தப் பழக்கங்களுள் அடங்கும். நோயாளியோடு பற்று ஏற்படுமுன் பிரித்துவிட்டால் துயரம் குறையும் என்பது இதன் உள்ளார்ந்த கணக்கு. ஆனால் விளைவு நேர்மாறாக இருந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய அச்சத்தைக் கொண்டுவந்தது. பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே வெளியேறினர்.

கட்டில் எண்ணால் நோயாளியைச் சொல்வதும் ஆள் எண்ணிக்கையால் செவிலியரைச் சொல்வதும் நம் மருத்துவமனைகளுக்கும் புதியவை அல்ல. 'மூன்று ஸ்டாஃப் அனுப்புங்கள்' என்ற தொலைபேசி அழைப்பில் அந்த மூவர் யார், அவர்களுக்கு என்ன தெரியும் என்ற கேள்வி இல்லை.

2020: ராயபுரத்தில் கொரோனா

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஐ உலகச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது. அது நைட்டிங்கேல் பிறந்த 200-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி உறுதிசெய்யப்பட்டார். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல், மே மாதங்களில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் நோய்த்தொற்று மிகுந்தவற்றில் ஒன்றாக ராயபுரம் மண்டலம் இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் அங்கு பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டியது. குறுகிய தெருக்களும் பொதுக் குழாய்களும் பொதுக் கழிப்பறைகளும் உள்ள குடியிருப்புகளில் 'விலகி இரு' என்ற அறிவுரையைக் கடைப்பிடிப்பது எளிதாக இருக்கவில்லை.

கொரோனா சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஸ்டான்லியும் ஒன்று. கொரோனா வார்டு என்ற ஒன்று அதற்குமுன் எங்கும் இருந்ததில்லை. அதில் பணிசெய்து பழகிய செவிலியரும் இல்லை. ஆகவே அந்த வார்டுக்குப் போன ஒவ்வொருவரும் மாற்றுப்பணிச் செவிலியரே. கண், காது-மூக்கு-தொண்டை, எலும்பு முறிவு போன்ற பிரிவுகளில் திட்டமிட்ட அறுவைகள் நாடெங்கும் தள்ளிவைக்கப்பட்டன. அப்படி விடுபட்ட பணியாளர் மூச்சுத் திணறும் நோயாளிகள் நிறைந்த வார்டுகளுக்கு மாற்றப்படுவது உலகம் முழுவதும் நடந்தது. பிரிட்டனில் தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற வழக்கம் தளர்த்தப்பட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் பிற வார்டுகளிலிருந்து வந்தவர்களின் துணையோடு 6 நோயாளிகள் வரை கண்காணிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது.

வேலையின் தன்மை ஒரே வாரத்தில் மாறியது. விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்குகிறதா எனப் பார்ப்பது, நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது, அதிக வேகத்தில் ஆக்சிஜன் செலுத்தும் கருவியைக் கையாள்வது, வென்டிலேட்டரின் எச்சரிக்கை ஒலிகளைப் பிரித்தறிவது ஆகியவற்றைப் பலர் பணியில் இருந்தபடியே கற்றனர். பிள்ளைப்பேற்று அறையில் ஆக்சிடோசின் சொட்டு மருந்தை எண்ணிப் பழகியவர் இங்கே இரத்த அழுத்தத்தை நிறுத்திவைக்கும் நார்அட்ரினலின் மருந்தை உடல் எடைக்கேற்பக் கணக்கிடவேண்டியிருந்தது. சொட்டு மருந்து இரண்டுமே. தவறினால் நேரும் விளைவும், தவறைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் நேரமும் வேறு.

கவச உடை இன்னொரு சுமை. சென்னையின் கோடையில் உடல் முழுவதும் மூடிய உடைக்குள் ஒரு பணி நேரம் முழுவதும் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல் நிற்கவேண்டும். மாதவிடாய் நாட்களில் அது மேலும் கடினம். முகம் மறைந்துவிடுவதால் உடன் பணிசெய்வோரையே அடையாளம் காண முடிவதில்லை. பழகாத வார்டில் ஒரே ஆறுதலான 'தெரிந்த முகம்' என்பதும் இல்லாமற்போனது.

வார்டுக்கு வெளியேயும் நிம்மதி இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கிய நிகழ்வு மருத்துவப் பணியாளர் அனைவரையும் உலுக்கியது. அதே மாதம் 22-ஆம் நாள், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை வழங்கும் வகையில் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை ஒன்றிய அரசு திருத்தியது. பணி முடிந்தபின் வீட்டுக்குப் போகாமல் விடுதிகளில் தனித்திருந்த செவிலியருக்குக் குழந்தைகளைப் பார்க்க முடியாத ஏக்கமும், வீட்டுக்குப் போனவர்களுக்கு நோயைக் கொண்டுபோகிறோமோ என்ற அச்சமும் இருந்தன.

இந்த மன அழுத்தத்தை அளந்து காட்டிய தொடக்க ஆய்வுகளுள் ஒன்று 2020 மார்ச்சில் வெளிவந்தது. சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 44.6 விழுக்காட்டினருக்குப் பதற்றமும், 34 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மையும் காணப்பட்டன. பெண்கள், செவிலியர், நோயாளிகளை நேரடியாகக் கவனித்தோர் ஆகியோரிடம் பாதிப்பு கூடுதல். கொரோனா வார்டில் நின்றவர் பெரும்பாலும் இந்த மூன்று அடையாளங்களும் கொண்டவரே.

தற்காலிகமான வார்டு, தற்காலிகமான வேலை

தமிழ்நாட்டில் மாற்றுப்பணியின் கதை ஒப்பந்தப் பணியின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. நிரந்தரப் பணி கோரி அவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவத் துறை வளாகத்தில் நடத்திய போராட்டம் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

கொரோனா வந்தபோது அரசு மேலும் ஒப்பந்தச் செவிலியரைத் தேடியது. 2020 மே மாதத்தில் 2,570 செவிலியரை ஆறு மாத ஒப்பந்தத்தில் நியமிப்பதாக அறிவித்தது. அவர்களுக்கு வார்டு மட்டும் தற்காலிகம் அன்று, வேலையே தற்காலிகம். நிரந்தரச் செவிலியர் ஒருவர் 'இந்த வார்டு எனக்குப் பழக்கமில்லை, ஒருவரைத் துணைக்குக் கொடுங்கள்' என்று சொல்லலாம். ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருப்பவர் அதையும் சொல்லத் தயங்குவார். நீட்டிப்புகளால் தொடர்ந்த அவர்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிவுக்கு வந்தது. அதை எதிர்த்து 2023 சனவரியில் போராட்டங்கள் நடந்தன. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழியே 18,000 ரூபாய் ஊதியத்தில் மாற்று வேலை வழங்குவதாக அரசு கூறியது.

மருத்துவமனை நிர்வாகம் என்ற கோணத்தில் இதில் கவனிக்கத்தக்க இழப்பு ஒன்று உண்டு. ஒரு கொள்ளைநோயின் இரண்டு, மூன்று அலைகளில் வென்டிலேட்டரையும் ஆக்சிஜன் கருவிகளையும் கையாளக் கற்றவர்கள், பென்னர் சொன்ன படிவரிசையில் மேலேறியவர்கள். அவர்கள் போனால் அந்தத் திறமையும் போகும். அடுத்த நெருக்கடியில் இன்னொரு குழு மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்கவேண்டும்.

அடுத்த நெருக்கடி வடசென்னைக்கு வெகுதொலைவில் இருப்பதில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் எண்ணூர்க் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய இரவுகளில் இருக்கின்ற செவிலியரையே இடம் மாற்றி நிறுத்துவதைத் தவிர வேறு வழி இராது. மாற்றுப்பணியை ஒழிக்க முடியாது. அதற்கு ஆயத்தம் செய்யலாம்.

அழுத்தத்தைக் குறைக்கும் வழிகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999-இல் இயற்றிய சட்டம் செவிலியர்-நோயாளி விகிதத்தை நிர்ணயித்ததற்காகப் பெயர்பெற்றது. அதில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஒரு வார்டைப் பற்றிய அறிமுகப் பயிற்சி பெற்று, அங்கே பணிசெய்யும் தகுதியைக் காட்டிய பின்னரே ஒரு செவிலியரை அந்த வார்டில் அமர்த்தலாம் என்கிறது அது. பழகாமை என்பதைச் செவிலியரின் குறையாக அன்றி, நோயாளியின் பாதுகாப்புக்கான கேள்வியாக அந்தச் சட்டம் பார்த்தது.

பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதைக் காட்டியது. செவிலியர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடியது. செவிலியரின் அழுத்தமும் நோயாளியின் உயிரும் ஒரே தராசில் இருப்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. ஒத்த தன்மையுள்ள வார்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, அந்தக் குழுவுக்குள் மட்டும் மாற்றுவது முதல் வழி. எலும்பு முறிவு வார்டும் கை அறுவை வார்டும் ஒரு குழுவில் அடங்கலாம், மகப்பேறும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் இன்னொன்றில். நெருக்கடி இல்லாத நாட்களில் அந்தக் குழுவுக்குள் உள்ள பிற வார்டுகளில் சில நாட்கள் பழகவிடுவது இரண்டாவது. மாற்றுப்பணிக்கு வருபவருக்கு அந்த வார்டின் செவிலியர் ஒருவரைத் துணையாக நியமிப்பது மூன்றாவது. மருந்து கொடுத்தல், இரத்த அழுத்தம் பார்த்தல், காயம் கட்டுதல் போன்ற எங்கும் பொதுவான வேலைகளை வந்தவரிடமும், அந்த வார்டுக்கே உரிய வேலைகளைப் பழகியவரிடமும் பிரித்துக் கொடுப்பது நான்காவது. பணி மாறும்போது 'ஓவர்' கொடுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கி, பொருள்கள் இருக்குமிடத்தையும் அழைக்கவேண்டிய எண்களையும் காட்டிவிடுவது ஐந்தாவது.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக ஒன்று தேவை. 'எனக்கு இது தெரியாது' என்று ஒரு செவிலியர் சொன்னால் அதைப் பணிமறுப்பாக எடுத்துக்கொள்ளாத நிர்வாகம். மாணவியாக இருந்தபோது அந்தச் சொல்லுக்கு இடமிருந்தது. பதவி வந்தபின் அந்த இடம் மூடப்பட்டதுதான் பல இரவுகளின் பதற்றத்துக்குக் காரணம்.

வரலாற்றில் இதன் இடம்

கஞ்சித்தொட்டியில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கை யாருடையதாகவும் இருந்திருக்கலாம். அங்கே வேண்டியிருந்தது அகப்பையும் இரக்கமும். இரண்டு நூற்றாண்டுகளில் அந்த இடம் விரலை ஒட்டவைக்கும், மூச்சைக் கருவியால் இயக்கும் மருத்துவமனையாக வளர்ந்துவிட்டது. மருத்துவர்கள் துறைதோறும் பிரிந்தனர். இதயநோய் மருத்துவரை எலும்பு முறிவுக்கு அறுவை செய்யச் சொல்ல யாரும் நினைப்பதில்லை. செவிலியரின் அறிவும் அதே அளவுக்குத் துறைதோறும் கிளைத்துவிட்டது என்பதை மட்டும் பணிப்பட்டியல்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. கொரோனா வார்டுகளில் நின்ற செவிலியரைக் கைதட்டியும் விளக்கேற்றியும் நாடு பாராட்டியது. அவர்கள் தெரியாத வேலையைத் துணிந்து செய்தார்கள் என்பது அந்தப் பாராட்டின் பொருள். தெரியாத வேலையில் மீண்டும் தனியாக நிறுத்தாமல் இருப்பது அதற்குரிய கைம்மாறு.